சாலையோர விளையில் காய்கறி: கன உலோகங்களிலிருந்து காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். வீடு, கடை, அதையொட்டிப் பத்து சென்ட் விளை, அதாவது தோட்டம். அதில் நாலு மூடு தென்னை, இருபது மூடு மரச்சீனி (மரவள்ளி), வேலியோரம் ஒரு முருங்கை, கிணற்றடியில் ஒரு பாத்தி கீரை. மறுபடியும் கடை. மதிலுக்கு வெளியே பாறையும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கின்றன.

இந்த விளையில் விளைவதைச் சாப்பிடலாமா என்று கேட்டால், "எல்லாம் விஷம்" என்பவர்களும் உண்டு, "தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம்" என்பவர்களும் உண்டு. இரண்டு பேரையும் நான் நம்புவதில்லை. சாலை எல்லாப் பயிரையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. முதல் பத்து மீட்டரும், மண்ணுக்கு அருகே விரிந்து கிடக்கும் இலையும்தான் பிரச்சினையின் பெரும்பகுதி. எதை எங்கே நடுகிறோம் என்பதைத் திருத்திக்கொண்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடுகிறது.

சாலையிலிருந்து என்னதான் வருகிறது?

பலரும் புகையை நினைக்கிறார்கள். இன்றைய நிலையில் உலோகத்தைப் பொறுத்தவரை புகைக்குழாயைவிடச் சக்கரமே பெரிய குற்றவாளி. டயர் ரப்பரில் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் துத்தநாகம் இருக்கிறது. டயர் தேயத் தேய அது தூளாக உதிர்கிறது. துத்தநாகத்தோடு மாசாக ஒட்டிக்கொண்டு வருவது காட்மியம், அளவில் சிறிது, தீங்கில் பெரிது. பிரேக் கட்டையிலிருந்து செம்பும் ஆன்டிமனியும் வருகின்றன. சாலையோரத் தகரத் தடுப்புகளின் துத்தநாகப் பூச்சு மழையில் கரைகிறது. எஞ்சின் ஆயில் கசிவிலும் துத்தநாகம் உண்டு. சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டும் ஈயக் கட்டிகள் கழன்று விழுந்து, அடுத்து வரும் வண்டிகளின் கீழ் அரைபடுகின்றன.

ஈயத்தின் கதை தனி. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. ஆனால் அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் புகையோடு வெளிவந்த ஈயம் சாலையோரத்தின் மேல்மண்ணில் அப்படியே இருக்கிறது. ஈயம் மக்குவதில்லை, ஆவியாவதில்லை, மழையில் எளிதில் கீழே இறங்குவதுமில்லை. மேலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் மண் துகளைப் பிடித்துக்கொண்டு தலைமுறைகள் கடந்தும் கிடக்கும். அதனால் குமரி மாவட்டத்தில் பழைய சாலைக்கும் புதிய சாலைக்கும் வேறுபாடு பார்க்க வேண்டும். முன்பு 47 என்ற எண்ணோடு இருந்து இப்போது 66 ஆகியிருக்கும் பழைய சாலையோரத்து விளைகளில் பெட்ரோல் காலத்து ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வயல்களின் குறுக்கே மண் நிரப்பிப் புதிதாகப் போடும் நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் அந்தப் பழங்கடன் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியவை டயரும் பிரேக்கும்.

பிரேக் என்றதும் இன்னொன்று. வண்டி சீராக ஓடும் இடத்தைவிட நின்று நின்று நகரும் இடத்தில்தான் உலோகத் தூள் அதிகம் உதிரும். நம் சாலைகளில் வளைவுக்கும் சந்திப்புக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் பஞ்சமே இல்லை. உங்கள் விளை ஒரு வேகத்தடைக்கோ சிக்னலுக்கோ இறக்கம் முடியும் வளைவுக்கோ எதிரே இருந்தால், கீழே சொல்லும் தூரங்களைச் சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் என்ன செய்யும்?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது, பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும். காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கும் 'இத்தாய் இத்தாய்' நோய் வந்தது. 1968-இல் அந்த நாட்டு அரசு அதற்குக் காட்மியமே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. சாலையோரக் கீரைக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் ஒரே பாத்திக் கீரையை ஆண்டுக்கணக்கில் தின்னும் குடும்பத்துக்கு மெதுவாகச் சேர்வதுதான் கேள்வி.

துத்தநாகமும் செம்பும் உடம்புக்குச் சிறிதளவு தேவையானவை. சாலையோர அளவில் அவை மனிதரைவிடச் செடியையே முதலில் வாட்டும். ஆகவே இனி இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஈயத்தையும் காட்மியத்தையும் பற்றியது.

இந்த இரண்டும் செடிக்குள் நுழையும் வழி வேறு வேறு. ஈயம் மண்ணோடு ஒட்டிக்கொள்வதால் வேர் அதை அதிகம் உறிஞ்சுவதில்லை. அது தட்டுக்கு வருவது பெரும்பாலும் இலைமேல் படிந்த தூசியாகவும், மழைத் தெறிப்பில் ஒட்டிய மண்ணாகவும்தான். எனவே கழுவினால் கணிசமாகப் போகும். காட்மியம் நீரோடு வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே போய்விடும். அதை எந்தக் கழுவலும் எடுக்காது. ஈயத்துக்குத் தண்ணீர் உதவும், காட்மியத்துக்கு மண்ணைத் திருத்துவது ஒன்றே வழி. பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

முதல் படி: அளந்து ஒரு படம் வரையுங்கள்

தார் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு கயிறு பிடியுங்கள். 10 மீட்டரில் ஒரு குச்சி, 30 மீட்டரில் ஒரு குச்சி. மாசு சாலையிலிருந்து விலக விலக வேகமாகக் குறைகிறது. மிகப் பெரும்பகுதி முதல் பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். முப்பது முதல் ஐம்பது மீட்டர் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் ஊரின் இயல்பான மண் அளவை நெருங்கிவிடும். பெர்லின் நகரத் தோட்டங்களின் காய்கறிகளைச் சோதித்து அந்நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சாலையிலிருந்து பத்து மீட்டருக்குள் வளர்ந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பிய ஈய வரம்பைத் தாண்டியிருந்தது. பத்து மீட்டருக்கு அப்பால் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. இடையில் கட்டடமோ அடர்ந்த மரம் செடிகளோ இருந்த இடங்களில் உலோகம் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இங்கே ஒரு சிக்கல் வரும். பத்து சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர், அதாவது இருபதுக்கு இருபது. நம்மில் பலருடைய நிலம் முழுவதுமே முதல் முப்பது மீட்டருக்குள் அடங்கிவிடும். "சாலையிலிருந்து விலகி நடுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் குமரி மாவட்டத்து ஆதாரத்தை (நிலப் பத்திரத்தை) ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னால் நல்லது. ஆனால் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு: வீடு. சாலையைப் பார்த்து வீடு நிற்க, அதன் பின்னால் இருக்கும் நாலு சென்ட், தூரக் கணக்கில் பதினைந்தாவது மீட்டராக இருந்தாலும் தூசிக் கணக்கில் வெகு தொலைவு. படத்தில் வீட்டையும் மதிலையும் குறியுங்கள். அவற்றின் நிழல் போல மறைவு விழும் பகுதியே உங்கள் கீரைப் பாத்தி.

அடுத்துக் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று எப்படிப் பாயும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவம் முழுவதும் சாலைத் தூசி கிழக்குப் பக்கத்து விளைகளில்தான் அதிகம் விழும். உங்கள் நிலம் சாலைக்குக் கிழக்கே இருந்தால் எல்லைக் குச்சிகளை இன்னும் ஐந்து மீட்டர் உள்ளே தள்ளுங்கள். மழை இல்லாத மாசி, பங்குனியில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூசி இலையில் தங்கும், கழுவ வானம் வராது.

கடைசியாக, சாலைத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு மழை நாளில் குடை பிடித்து நின்று பாருங்கள். தார்மேல் ஓடிவரும் முதல் மழைநீர்தான் உலோகத் தூளை மொத்தமாக அள்ளி வருவது. சாலை உயர்ந்து, விளை தாழ்ந்து கிடக்கும் இடங்களில் அது நேரே உள்ளே இறங்கும். அப்படி இறங்கும் தடத்தைப் படத்தில் சிவப்பால் வரையுங்கள். அந்தத் தடம் முப்பது மீட்டரைத் தாண்டிப் போனாலும் அதில் உண்ணும் பயிர் வேண்டாம்.

இரண்டாம் படி: மண்ணைச் சோதியுங்கள், சரியான சோதனையை

மண்வள அட்டை இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பார்க்கப்படுபவை பன்னிரண்டு: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச்., உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், அங்ககக் கரிமம். ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. அதிலுள்ள துத்தநாகமும் செடிக்குக் கிடைக்கும் அளவுதான், மண்ணிலுள்ள மொத்த அளவு அல்ல. ஆகவே 'துத்தநாகம் குறைவு' என்று அட்டையில் வந்தாலும் சாலை மாசு இல்லை என்று பொருளாகாது.

அதற்காக அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் பி.எச். அளவு இருக்கிறது, நமக்கு அது மிக முக்கியம், ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

உலோகச் சோதனைக்கு, ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் அல்லது அரசு ஆய்வகத்தை நாட வேண்டும். அந்த அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாக ஆய்வகப் பட்டியல் உண்டு. அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள். மண்ணை அமிலத்தில் கரைத்து மொத்த ஈயம், மொத்த காட்மியம் பார்ப்பீர்களா? முடிவைக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் அனுப்புங்கள். கட்டணம் தனிமத்துக்குத் தனிமம் கூடும், அதனால் ஈயம், காட்மியம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மாதிரி எடுக்கும் முறையையும் மண்ணுக்கு ஏற்ற திருத்தத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பெரும்பாலான சோதனைகள் வீணாகின்றன. முன்பகுதியையும் பின்பகுதியையும் ஒரே பையில் கலந்தால் கிடைப்பது எதற்கும் உதவாத சராசரி. 10 மீட்டருக்குள் ஒரு பை, அதற்கு அப்பால் ஒரு பை. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, வெட்டின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் சீவி எடுங்கள். மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டால் ஈயத்தையே எறிந்துவிடுகிறீர்கள். எல்லாவற்றையும் கலந்து, கூறு பிரித்துக் குறைத்து, அரை கிலோவை நிழலில் உலர்த்திச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போடுங்கள். துத்தநாகப் பூச்சுப் பூசிய வாளியோ துருப்பிடித்த தட்டோ வேண்டாம். வண்டி ஒர்க்‌ஷாப், பழைய பேட்டரி கடை, பெயின்ட் அடிக்கும் பட்டறை பக்கத்தில் இருந்தால் அந்த ஓரத்துக்குத் தனிப் பை. அங்கே சாலையைவிட அந்தப் பட்டறைதான் பெரிய ஆளாக இருக்கும்.

முடிவு வந்ததும் எப்படிப் படிப்பது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுத் தோட்டங்களுக்குச் சொல்லும் கணக்கு எளிமையானது. மண்ணில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தோட்டத்துக்குக் கவலை குறைவு. 100 முதல் 400 வரை எச்சரிக்கை: கீரையும் கிழங்கும் வேண்டாம், காய் போடலாம். 400-க்கு மேல் தரையில் உணவுப் பயிர் வேண்டாம், புது மண் நிரப்பிய பாத்தியில் மட்டும். குழந்தைகள் விளையாடும் வீட்டு மண்ணுக்கு அந்த முகமை 2024-இல் 400 என்ற பழைய அளவை 200 ஆகக் குறைத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தைக்கு ஈயம் காயிலிருந்து வருவதைவிட, மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பதால் வருவதே அதிகம்.

மூன்றாம் படி: எதை எங்கே நடுவது

சோதனைக்குப் பணமில்லை என்றாலும் இந்தப் படியைச் செய்துவிடலாம். எனக்கு இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

செடியின் பாகங்களில் உலோகத்தை மிக அதிகம் சேர்ப்பது இலை, பிறகு வேரும் கிழங்கும், மிகக் குறைவாகச் சேர்ப்பது காயும் விதையும். தண்டங்கீரை, சிவப்புக்கீரை, பாலக், கொத்தமல்லி, புதினா எல்லாம் அபாயப் பட்டியலின் உச்சியில். குறிப்பாகத் தண்டங்கீரைக் குடும்பம் காட்மியத்தை மண்ணிலிருந்து நன்றாக இழுக்கக்கூடியது. முதல் பத்து மீட்டரில் இவை எதுவும் கூடாது. வீட்டின் பின்புறம், இல்லையென்றால் மொட்டை மாடி.

பந்தல் காய்களான புடலை, பாவை (பாகல்), பீர்க்கு, கோவை ஆகியவற்றுக்கு இரட்டை நன்மை. காய் என்பதால் உள்ளே உலோகம் குறைவு, உயரத்தில் தொங்குவதால் மண் தெறிப்பு இல்லை. வெண்டை, கத்திரி, மிளகாய், பயறு, தடியங்காய் (பூசணி), வெள்ளரி ஆகியவற்றையும் பத்து மீட்டருக்கு அப்பால் கவலையின்றிப் போடலாம். தரையில் படுக்கும் வெள்ளரிக்குக் கீழே தென்னோலை விரியுங்கள்.

மரச்சீனி நம் மாவட்டத்தின் உயிர். கிழங்கில் ஈயம் பெரும்பாலும் தோலிலும் தோலில் ஒட்டிய மண்ணிலும் இருக்கும். மரச்சீனியின் தடித்த தோலை நாம் எப்படியும் உரித்தெறிகிறோம் என்பதால், கேரட்டையும் முள்ளங்கியையும்விட அது பாதுகாப்பானது. பத்து மீட்டருக்கு அப்பால், மண்ணில் ஈயம் 100-க்குக் கீழ் என்றால் தயங்க வேண்டாம். சேம்பு, சேனை, காச்சிலுக்கும் அதே விதி. ஆனால் சேம்பு பொதுவாகத் தண்ணீர் ஓடும் தாழ்ந்த ஓரத்தில்தான் நடப்படுகிறது. நாம் சிவப்பால் வரைந்த தடம் அதுவாக இருந்தால் இடம் மாற்றுங்கள்.

தென்னை சாலையோரத்துக்கு மிக ஏற்றது. மட்டைக்கும் சிரட்டைக்கும் உள்ளே இருக்கும் தேங்காய்க்குத் தூசி போக வழியே இல்லை. வாழைப் பழமும் தோல் மூடியது, அஞ்ச வேண்டாம். வாழை இலைதான் சிக்கல். ஆடி மாதக் காற்றில் சாலையோர வாழை இலையை விரலால் தடவிப் பாருங்கள், விரல் கறுத்துவிடும். பந்தியில் இலை போட்டதும் தண்ணீர் தெளித்துக் கையால் தள்ளிவிடுகிறோமே, அது போதாது. இலை வியாபாரத்துக்கான வாழையை உள்ளே வையுங்கள், குலைக்கான வாழை ஓரத்தில் நிற்கட்டும்.

முதல் ஐந்து மீட்டருக்கு என் பரிந்துரை பூ. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைக்காரர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய பாடம் அல்ல இது. அரளி, சம்பங்கி, செம்பருத்தி, பிச்சி எதுவானாலும் வாய்க்குள் போகப் போவதில்லை, காசும் வரும்.

முருங்கை தனியாக ஒரு பத்தி கேட்கிறது. வேலியோர முருங்கைக் கீரையைப் போகிற போக்கில் ஒடித்துக்கொண்டு போவது நம் பழக்கம். இலை உயரத்தில் இருப்பதால் மண் தெறிப்பு இல்லை, தூசி உண்டு. சிறிய இலைகள், கழுவுவது சிரமம். சாலைப் பக்கக் கிளையின் காயைப் பறியுங்கள், கீரையை வீட்டுப் பக்கக் கிளையிலிருந்து எடுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது யாரும் நடாத கீரை. சாலையோர ஓடையிலும் வாய்க்கால் கரையிலும் தானாகப் படர்ந்து கிடக்கும் வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. 'இயற்கையானது, மருந்து' என்று தேடிப் பறித்துத் துவையல் அரைக்கிறார்கள். சாலைத் தண்ணீர் இறக்கிவிட்டுப் போன வண்டலில் வேர்விட்டு, ஆண்டு முழுவதும் அந்த நீரையே குடித்து நிற்கும் செடி அது. இலை, ஈரம், தாழ்ந்த இடம், சாலைக்கு மிக அருகில் என்று எல்லாத் தீமையும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. வல்லாரை வேண்டுமென்றால் கிணற்றடியில் ஒரு தொட்டியில் வையுங்கள்.

நான்காம் படி: தடுப்பு

ஆறடி உயர மதில், அதன் பின்னால் கிடக்கும் தாழ்ந்த பாத்திகளுக்கு உருப்படியான பாதுகாப்பு. மதில் கட்ட முடியாதவர்கள் உயிர்வேலி போடலாம். கிளுவையும் செம்பருத்தியும் ஆடாதோடையும் கலந்து, தரையிலிருந்தே அடர்த்தியாக, இரண்டு வரிசை. கீழே வெறும் தண்டாக நின்று மேலே குடை விரிக்கும் மரங்கள் தூசியைத் தடுக்காது. வேலி தூசியைப் பிடிக்கிறது என்றால் அதன் இலையில் தூசி இருக்கிறது என்று பொருள். வேலியைக் கத்தரித்த தழையைக் கீரைப் பாத்திக்குப் பசுந்தாளாகப் போடாதீர்கள், ஆட்டுக்கும் கொடுக்காதீர்கள். தென்னை மூட்டில் போடுங்கள்.

சாலைத் தண்ணீர் இறங்கும் தடத்தில் ஒரு சிறு வரப்பு எடுத்து, புல் வளர்ந்த குழி ஒன்றில் தேங்க வையுங்கள். வண்டல் அங்கேயே தங்கிவிடும்.

ஐந்தாம் படி: மண்ணைத் திருத்துதல்

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணும் சரளை மண்ணும் பெரும்பாலும் புளிப்பு மண். பி.எச். 5.5 என்றெல்லாம் வரும். புளிப்பு கூடக் கூடக் காட்மியம் மண்ணை விட்டு நீருக்கு வந்து வேருக்குள் ஏறும். அதைக் கழுவி எடுக்க முடியாது என்று முன்பே பார்த்தோம். பி.எச். அளவை 6.5-க்குக் கொண்டுவந்துவிட்டால் காட்மியமும் ஈயமும் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். சென்டுக்கு இரண்டு மூன்று கிலோ சுண்ணாம்பு அல்லது டோலமைட், நடுவதற்கு இரண்டு வாரம் முன் மண்ணில் கலந்து நீர் விடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பும் போதும். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும், இடைவெளி விடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பி.எச். பார்த்துத் தேவைக்கேற்பச் சேருங்கள், 7-ஐத் தாண்ட வேண்டாம்.

நன்றாக மக்கிய தொழுவுரம் இரண்டாவது மருந்து. அங்ககப் பொருள் உலோகத்தைப் பிடித்து வைக்கும், மணிச்சத்து ஈயத்தைக் கரையாத உப்பாகக் கட்டிப்போடும். மண்ணில் துத்தநாகம் பற்றாக்குறை என்று அட்டை சொன்னால் அதைச் சரிசெய்யுங்கள். துத்தநாகம் இல்லாத செடி அதற்குப் பதிலாகக் காட்மியத்தை உள்ளே விடும்.

கடலோரத்தவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. உவர்நீர்க் கிணற்றிலிருந்து இறைத்தால், அந்த உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைச் செடிக்குள் எளிதாக ஏற்றிவிடும். கன்னியாகுமரி, மணக்குடி, குளச்சல் பக்கம் சாலையோரக் கீரைக்கு உப்புத் தண்ணீர் விடுவது இரண்டு தவறுகளைச் சேர்த்துச் செய்வது.

மண் மிக மோசம் என்றால் பாத்தியை உயர்த்துங்கள். கீழே நைலான் சாக்கு அல்லது தடித்த துணி விரித்து, அதன் மேல் ஓர் அடி உயரத்துக்கு வேறு இடத்து மண்ணும் தொழுவுரமும். கீரைக்கு அந்த ஆழம் போதும். குரோ பேக்கும் சரிதான். பழைய டயரை வெட்டி, வண்ணம் அடித்து, அதில் கீரை போடுவது இப்போது அழகு என்று பரவியிருக்கிறது. டயரிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை பாடும், அந்த டயருக்குள்ளேயே கீரையா?

எதை உரமாகப் போடக்கூடாது என்பதும் முக்கியம். சாலையோர ஓடையைத் தூர்வாரிக் கரையில் குவிக்கும் கறுப்பு மண்ணைப் பார்த்தால் வளமாகத்தான் தோன்றும். அதை அள்ளி வந்து வாழைக்குப் போடுகிறவர்கள் சாலையையே வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். குப்பை எரித்த சாம்பலும் வேண்டாம். நகரக் குப்பையிலிருந்து செய்த உரம் வாங்கினால் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆய்வறிக்கை கேளுங்கள்.

ஆறாம் படி: பறிப்பதும் கழுவுவதும்

கீரையை வேரோடு பிடுங்கிய இடத்திலேயே வேரையும் அடித் தண்டையும் அறுத்து எறியுங்கள். மண்ணை அடுக்களைவரை கொண்டுவரத் தேவையில்லை. தரையைத் தொடும் அடியிலைகளையும் அங்கேயே விடுங்கள். பெருமழைக்கு மறுநாள் இலைத் தூசி போயிருக்கும், ஆனால் அடியில் மண் தெறித்திருக்கும். பாத்தியில் சருகு மூடாக்குப் போட்டிருந்தால் தெறிப்பும் இராது.

ஓடும் குழாயில் காட்டுவதைவிட ஆழமான பாத்திரமே நல்லது. பாத்திரம் நிறையத் தண்ணீரில் கீரையை அமிழ்த்தி அலசி, கீரையை மேலே தூக்கி எடுங்கள். தண்ணீரை வடித்தால் அடியில் இறங்கிய மண் மறுபடியும் கீரையிலேயே படியும். அடியில் மணல் தட்டாதவரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் சேர்த்துச் சில நிமிடம் ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசலாம். மஞ்சளும் உப்பும் கலந்த நீர் புழுவை விரட்டும், உலோகத்துக்கு அதில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. சோப்பு வேண்டாம். வேகவைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கிருமி சாகும், ஈயம் சாகாது.

கிழங்கை உரிக்கும் முன் தேய்த்துக் கழுவுங்கள், உரித்த பின் அல்ல. மண் பிடித்த தோலில் ஓடிய கத்தி அடுத்து வெள்ளைச் சதையில்தான் இறங்குகிறது.

ஏழாம் படி: கடையில் வாங்குபவர்களுக்கு

தோட்டமே இல்லாதவருக்கும் சாலைத் தூசி கிடைக்கும். வாரணாசியில் விளைநிலத்திலும் சந்தையிலும் காய்கறிகளை எடுத்து ஒப்பிட்ட ஆய்வில் சந்தையில் இருந்தவற்றிலேயே உலோகம் அதிகமாக இருந்தது, வண்டியிலும் கடையிலும் திறந்து கிடந்த நேரத்தில் படிந்ததே காரணம். நாகர்கோவில் வடசேரிச் சந்தையின் உள்ளே வாங்கும் கீரையும், பஸ் நிற்கும் திருப்பத்தில் தரையில் சாக்கு விரித்து மாலைவரை வைத்திருக்கும் கீரையும் ஒன்றல்ல. சாலையோரம் விற்கும் அக்காவிடம் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. காலையில் வாங்குங்கள், மேலடுக்கைத் தவிர்த்து உள்ளிருந்து கேளுங்கள், வீட்டில் நன்றாக அலசுங்கள். விற்பவர் என்றால் ஈரத்துணியால் மூடி வையுங்கள், வாடலும் குறையும்.

ஒரே இடத்துக் கீரையையே ஆண்டு முழுவதும் தின்னாமல் மாற்றி மாற்றி வாங்குவது எளிய பாதுகாப்பு. பயந்துபோய்க் கீரையையே நிறுத்திவிடுவதுதான் மோசமான முடிவு. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும்.

காயையே சோதித்துப் பார்த்தால்

காய்கறி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒரு பொறி இருக்கிறது. சர்வதேச உணவு நெறிமுறையான கோடெக்ஸ் கீரை வகைகளுக்கு வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம். இது பச்சையாக உள்ள எடைக்கு. பல ஆய்வகங்கள் உலர்த்திப் பொடித்த எடைக்கு முடிவு தருகின்றன. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் உலர் எடையில் 3 என்று வந்தால் பச்சை எடையில் அது 0.3 தான். இதைக் கவனிக்காமல் 'வரம்பைவிடப் பத்து மடங்கு விஷம்' என்று செய்தி வந்துவிடும். எந்த எடை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கழுவிய மாதிரி ஒன்று, கழுவாதது ஒன்று என இரண்டாக அனுப்பினால் இன்னும் தெளிவு. கழுவியதில் நன்றாகக் குறைந்தால் உங்கள் பிரச்சினை தூசி, நான்காம் ஆறாம் படிகளில் தீரும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் பிரச்சினை மண்ணில், சுண்ணாம்பும் புதுப் பாத்தியும்தான் வழி.

வீட்டில் யாருக்காவது இரத்தத்தில் ஈயம் கூடுதல் என்று மருத்துவர் சொன்னால், காய்கறியைக் குற்றம் சொல்வதற்கு முன் பேட்டரி வேலை, பழைய பெயின்ட் உதிரும் சுவர், ஊர் பேர் இல்லாத கண்மை ஆகியவற்றைப் பாருங்கள். பெரும் அளவுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன. மண் சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டியதில்லை. ஈயம் அப்படி ஓராண்டில் ஏறி இறங்குவதில்லை. சாலையை அகலப்படுத்தினால், பக்கத்தில் பட்டறை வந்தால், வெளியிலிருந்து மண் அடித்தால் மறுபடி ஒரு பை அனுப்புங்கள்.